உள்ளூர் அமைப்புக் கோப்பு: கிட்டில் எந்த வழி சரி?

நிலாவெளி விடுதியொன்றுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதும் இருவரை எடுத்துக்கொள்வோம். உப்புவெளியில் இருப்பவரின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 3306ஆம் போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) ஓடுகிறது, கிண்ணியாவில் இருப்பவருக்கு 3307. நிரல் பொது, அதன் மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கருவி கிட்; போர்ட், கடவுச்சொல் போன்ற அமைப்புகள் இருக்கும் டொட் என்வ் (.env) கோப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதை எப்படிப் பிரித்து வைப்பது?

முதலில் எல்லோரும் கைவைப்பது கிட்இக்னோர், அதாவது கிட் கவனிக்காமல் விடவேண்டிய கோப்புகளின் பட்டியல். ரெப்போவோடு (திட்டத்தின் கிட் களஞ்சியத்தோடு) சேர்ந்தே போவதால் குழு முழுவதற்கும் ஒரே விதி. ஆனால் ஏற்கெனவே கொமிட் ஆன, அதாவது கிட்டில் பதிவான கோப்பை அது தொடாது. கோப்பைக் கிட்டின் பதிவிலிருந்து மட்டும் எடுக்க ‘கிட் ஆர்எம்’ கட்டளையை ‘கேஷ்ட்’ தெரிவோடு ஓட்டி, அதையும் கொமிட் செய்ய வேண்டும். பலர் அடிபடுவது இங்கேதான். உங்கள் கணினியில் கோப்பு அப்படியே இருக்கும். கிண்ணியாக்காரர் புல் செய்ததும் (புதிய மாற்றங்களை இறக்கியதும்) அவருடைய பிரதி அழிந்துவிடும். அவர் அதில் ஏதும் மாற்றியிருந்தால் புல் நடக்காமல் நின்றுவிடும். ஆகவே முன்கூட்டியே சொல்லி, வேறு பெயரில் நகல் எடுக்க வையுங்கள்.

டொட் கிட் கோப்புறையின் ‘இன்ஃபோ’வுக்குள் இருக்கும் ‘எக்ஸ்குளூட்’ கோப்பிலும் இதே விதிகளை எழுதலாம். அது புஷ் ஆகாது, அதாவது மற்றவர்களுக்குப் போகாது. சொந்தக் குறிப்புகளுக்கும் சோதனை ஸ்கிரிப்டுகளுக்கும் நல்லது. ரெப்போவைப் புதிதாகக் குளோன் செய்தால் (நகலிறக்கினால்) மறுபடி எழுத வேண்டும்.

கோப்பின் மாற்றத்தைக் கிட் பார்க்காமல் விடச்செய்யும் ‘அசூம்-அன்சேஞ்ட்’, ‘ஸ்கிப்-வேர்க்ட்ரீ’ என்ற இரண்டு குறிகளையும் இதற்குப் பரிந்துரைக்க மாட்டோம். முன்னது மெதுவான கோப்பு முறைமைகளில் வேகத்துக்காக வந்தது, பின்னது ரெப்போவின் ஒரு பகுதியை மட்டும் கணினியில் வைக்கும் ஸ்பார்ஸ் செக்அவுட்டுக்காக. கொமிட் ஆன கோப்பின் மாற்றங்களை மறைக்க இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிட்டின் ஆவணமே சொல்கிறது. மற்றவர் அதே கோப்பைத் திருத்திப் புஷ் செய்த நாளில் உங்கள் புல் தடைப்படும். மாற்றங்களைப் பட்டியலிடும் கிட் ஸ்டேட்டஸோ ஒன்றும் காட்டாது.

எங்கள் தெரிவு மாதிரிக் கோப்பு. ‘டொட் என்வ் டொட் எக்ஸாம்பிள்’ என்று பெயரிட்டு, எல்லா மாறிகளையும் போலி மதிப்புகளோடு கொமிட் செய்யுங்கள். உண்மையான டொட் என்வ் கிட்இக்னோரில் இருக்கட்டும். புதியவர் நகலெடுத்து, தன் போர்ட்டையும் கடவுச்சொல்லையும் நிரப்பினால் போதும். புதிய மாறியை மாதிரியில் சேர்க்க மறப்பதுதான் இதன் பலவீனம். மென்பொருள் தொடங்கும்போதே மாறிகளைச் சரிபார்த்து, இல்லாததன் பெயரைச் சொல்லி நிற்கும்படி எழுதிவிடுங்கள்.

கடவுச்சொல் ஏற்கெனவே புஷ் ஆகியிருந்தால் கோப்பை நீக்குவது போதாது, பழைய கொமிட்டில் அது இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஒரு கோப்பு ஏன் ஸ்டேட்டஸில் வரவில்லை என்று தெரியாவிட்டால் ‘கிட் செக்-இக்னோர்’ கட்டளையை ‘வி’ தெரிவோடு ஓட்டுங்கள். எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி மறைக்கிறது என்று காட்டும். அதிலும் பிடிபடாவிட்டால் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளையை அதே தெரிவோடு ஓட்டிப் பாருங்கள்: ‘எஸ்’ எழுத்து முன்னால் நின்றால், உங்கள் கணினியில் அந்தக் கோப்புக்கு ஸ்கிப்-வேர்க்ட்ரீ போடப்பட்டிருக்கிறது.