கொழிஞ்சாம்பாறை தென்னந்தோப்புக்கு எந்த சோலார்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் என்றாலும், கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்கே மழை குறைவு. தென்னையைக் காப்பாற்றுவது போர்வெல்தான். மோட்டாருக்கு சோலார் போட இரண்டு வழி: லைனே இல்லாமல் பேனலில் நேரே ஓடும் தனி பம்ப், இருக்கும் கரண்ட் இணைப்போடு சேர்க்கும் ஆன்கிரிட்.

தனி பம்புக்குப் பொதுவாக பேட்டரி கிடையாது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். மேகம் மூடினால் குழாயில் நூலாக ஒழுகும். அதனால் பகலில் தொட்டியை நிரப்பிவைத்து, சொட்டுநீருக்கு விடுவது நல்லது. மழைக்காலத்தில் பேனல் சும்மா கிடக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆன்கிரிட்டில் அந்த வீண் இல்லை. மிஞ்சும் யூனிட் லைனுக்குப் போய்க் கணக்கில் ஏறும். ஆனால் கரண்ட் போனால் சாதாரண ஆன்கிரிட், உச்சி வெயிலானாலும், நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதென்று பேனல் கரண்டை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரே அணைந்துகொள்ளும். விற்கிறவர்கள் இதை முதலில் சொல்வதில்லை.

விவசாய சோலாருக்காக 2019-இல் வந்த மத்திய அரசின் பிஎம் குசும் திட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. கேரளத்தில் மாநில அரசின் மரபுசாரா எரிசக்தி நிறுவனமான அனெர்ட்டில் விசாரிக்கலாம். கம்பம் எட்டாத தோட்டத்துக்குத் தனி பம்ப், வரப்போரமே லைன் போனால் ஆன்கிரிட் என்பேன். எதுவானாலும் தென்னை நிழலுக்குத் தள்ளிப் போடுங்கள். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே, அதோடு தொடராக இணைத்த வரிசையே மந்தமாகும்.