எண்ணெய்ப் பாக்கெட் கணக்கு: கடலூரில் அக்காவோடு மூன்று வாரம்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அக்கா ஆறு மாதமாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருமுனை மருத்துவர் அதை வாயுத் தொல்லை என்று சொல்லி, நெஞ்செரிச்சலுக்கான மாத்திரையையே மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தார். பெண்களுக்கு இதயக் கோளாறு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வலியாக வருவதில்லை. மூச்சிரைப்பு, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணம் புரியாத அசதி என்றும் தலைகாட்டும். ஆகவே மெல்பர்னிலிருந்து கடலூரின் திருப்பாதிரிப்புலியூருக்குச் சென்ற இந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கினேன்.

முதலில் நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மகளிருக்கான முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டினோம். வெறும் வயிற்றில் ரத்தம், இதயத் துடிப்பைப் பதியும் இசிஜி, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ என்று எல்லாம் மளமளவென்று முடிந்தன. அந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தடிமனான கோப்பை இரண்டு நிமிடம் புரட்டிய மருத்துவர், கெட்ட கொழுப்பு 158 என்று அச்சாகியிருந்த பக்கத்தைத் தாண்டிப்போய், ‘வயசானா கொஞ்சம் ஏறத்தான் செய்யும்மா’ என்றார். அக்காவுக்கு வயது 57. மாதவிலக்கு எப்போது நின்றது என்று மகளிருக்கான அந்தத் திட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர், பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய் நாங்கள் பார்த்த இதய மருத்துவர். 44 வயதில் என்று அக்கா சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். 45 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்றும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த பிறகு கெட்ட கொழுப்பு ஏறி, ரத்தக் குழாய்கள் நெகிழ்வை இழந்து, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது என்றும் அவர் விளக்கினார். ‘நின்னுபோன ஹார்மோனை மாத்திரையா குடுத்துட்டா சரியாயிடாதா டாக்டர்?’ என்று அக்கா கேட்டாள். உடல் தகிப்பு போன்ற தொல்லைகளுக்கு அது பயன்படும், இதயத்தைக் காப்பதற்கென்று இந்த வயதில் புதிதாகத் தொடங்குவதில்லை என்று பதில் வந்தது. ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனையில் ரத்தக் குழாய் அடைப்புக்கான அறிகுறி தென்படவில்லை. கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை எழுதி, எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

என் கணக்கில் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது அந்தச் சிறிய அறையில்தான். ஆலோசகராக இருந்த இளம்பெண் முதலில் அளவு நாடாவை எடுத்து அக்காவின் வயிற்றைச் சுற்றி அளந்தார்: 91 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாதாம். ‘மாசத்துக்கு எண்ணெய் எத்தனை பாக்கெட்டும்மா?’ என்று அடுத்துக் கேட்டார். இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் நான்கு லிட்டர் என்று அக்கா தயங்கிச் சொல்ல, ஆளுக்கு அரை லிட்டர் போதும் என்றார் அவர். வடை சுட்ட எண்ணெயை அடுப்பு மேடையில் தூக்குச் சட்டியில் மூடிவைத்து மறுநாள் தாளிப்புக்கு எடுக்கும் பழக்கத்தையும், நாங்கள் யாரும் சொல்லாமலே, தானாகக் கேட்டு வாங்கிவிட்டார். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்றபோதுதான் அக்காவின் முகம் சுருங்கியது. பழைய சோற்றுக்கு மோர்மிளகாய், சாம்பாருக்கு அப்பளம், இரண்டு நாளைக்கு ஒருமுறை கருவாட்டுக் குழம்பு என்று வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு தேக்கரண்டி காலைச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும். ‘கடலூர்ல இருந்துகிட்டு கருவாட்ட விடச் சொன்னா எப்படி?’ என்றாள். விட வேண்டாம், மாதம் இரண்டு முறை, நன்றாக ஊறவைத்துக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் என்று பேரம் படிந்தது.

நடைப்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிடம். எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது, நாய்கள் உண்டு. ஆகவே விடியற்காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஆட்டோவில் போய் நடந்தோம். நடப்பதற்கு ஆட்டோவா என்று அத்தான் சிரித்தார். அவர் சிரித்ததில் நியாயம் இருந்தாலும் அவர் வரவில்லை.

வீட்டுக்கே வந்து பார்க்கும் தமிழக அரசின், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் நான் இருந்தபோது ஒரு முறை வந்தார். அக்காவைத் திண்ணையில் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்துவிட்டு ரத்த அழுத்தம் பார்த்து, 146/88 என்று குறித்துக்கொண்டு, ‘நேத்து ராத்திரி சீரியல் எத்தனை மணி வரைக்கும்க்கா?’ என்றார். பத்தரை. சாப்பாடு அதற்கும் பிறகு. காசு வாங்காத அந்தப் பெண் கேட்டதை, காசு வாங்கிய மருத்துவமனை கேட்கவில்லை.

ஊருக்குப் போகும் சகோதரிகள், வீட்டிலுள்ள பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற வயது, வயிற்றுச் சுற்றளவு, இப்போது விழுங்கும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரின் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நான் கிளம்பிய மாதம் அக்கா வாங்கிய எண்ணெய் இரண்டரை லிட்டர். தூக்குச் சட்டி இன்னும் மேடையில்தான் இருக்கிறதாம், அதில் இப்போது புளி கரைக்கிறாளாம்.