நேஷனல் டிரஸ்ட் அட்டையும் இங்கிலாந்தின் இலையுதிர் காலமும்: பல வருட அனுபவம்

லண்டனில் க்ராய்டன், ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கும் நண்பர்கள் ஆகஸ்ட் முடிந்தாலே கேட்பது இதுதான்: பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் மெம்பர்ஷிப் எடுத்தால் கட்டுப்படியாகுமா? வருடா வருடம் அந்த அட்டையைப் புதுப்பித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்துக்காக மட்டும் எடுத்தாலே கட்டுப்படியாகும். ஆனால் இருபது மாளிகை, முப்பது தோட்டம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இதன் அருமை முழுசாகத் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தோட்டங்களைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீசனில் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒருவருக்கு ஆண்டுச் சந்தா இப்போது 90 பவுண்டைத் தாண்டிவிட்டது. டிக்கெட் வாங்கிப் போனால் பெரிய இடங்களில் ஓர் ஆளுக்கு 15, 20 பவுண்டு ஆகிவிடும். அட்டை இருந்தால் நுழைவும் இலவசம், பெரும்பாலான இடங்களில் பார்க்கிங்கும் இலவசம். டிக்கெட் வாங்கிப் போகும்போது கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கால் பறக்கும். அட்டையோடு போனால், மழை வந்தால் திரும்பி வந்துவிடலாம், வெயில் அடிக்கிற நாளில் மறுபடி போகலாம். இலையுதிர் காலத்துக்கு இந்தச் சுதந்திரம்தான் முக்கியம், ஏனென்றால் மரம் நம் விடுமுறை நாளைப் பார்த்து நிறம் மாறுவதில்லை.

ஷெஃபீல்ட் பார்க்கில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கிழக்கு சஸ்ஸெக்ஸில், க்ராய்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெயரைப் பார்த்துவிட்டு வடக்கே இருக்கும் ஷெஃபீல்ட் நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் கேபபிலிட்டி பிரவுன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் அமைத்த தோட்டம் இது, ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கி வரும். ஆனால் இன்றைக்கு நாம் ஓடிப்போய்ப் பார்க்கிற நிறம் பிரவுன் கொடுத்ததல்ல. 1910இல் இந்த எஸ்டேட்டை வாங்கிய ஆர்தர் சோம்ஸ் என்பவர் இலையுதிர் நிறத்துக்காகவே மரங்களைத் தேடித் தேடி நட்டார். அவற்றில் முக்கியமானது வட அமெரிக்காவின் டுபெலோ மரம். செடிப் பிரியர்கள் அதை நிஸ்ஸா என்பார்கள்.

டுபெலோ மற்ற மரங்களுக்கு முந்திக்கொள்ளும், அக்டோபர் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். மரம் மொத்தமும் ஒரே நாளில் சிவக்காது. ஒரே கிளையில் ஓர் இலை பச்சை, பக்கத்து இலை ஆரஞ்சு, அதற்கடுத்தது ரத்தச் சிவப்பு. ஒரே இலையிலேயே நடு நரம்பை ஒட்டி இன்னும் பச்சை இருக்கும், ஓரம் மட்டும் சிவந்திருக்கும். அடுத்த வாரம் அதே மரத்தடிக்குப் போனால் பாதி இலை தரையில், மேலே இருப்பதெல்லாம் ஒரே சிவப்பு. அதற்கும் அடுத்த வாரம் டுபெலோ மொட்டையாக நிற்கும், ஆனால் அதன் பின்னால் இதுவரை கண்ணில் படாத மேப்பிள் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். ஒரு தடவை மட்டும் போய் வருகிறவர்களுக்கு இதில் ஒரு காட்சிதான் கிடைக்கும்.

நிறம் ஏன் வருடத்துக்கு வருடம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் எப்போது கிளம்புவது என்பதும் பிடிபடும். மஞ்சள் நிறம் கோடையிலேயே இலைக்குள் இருக்கிறது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. அதனால் மஞ்சள் எந்த வருடமும் ஏமாற்றாது. சிவப்பு அப்படியல்ல, பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில்தான் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி விழாத குளிரும் சேர்ந்து வந்தால் சிவப்பு ஏறும். மப்பும் மந்தாரமுமாகப் போனால் மங்கும். 2022இல் கடும் வறட்சி, ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அந்த வருடம் ஆகஸ்டிலேயே பல மரங்கள் இலையைக் கொட்டின. எனவே நாட்காட்டியை நம்பாமல், செப்டம்பர் கடைசியிலிருந்து அந்தந்தத் தோட்டத்தின் இணையப் பக்கத்தில் போடும் படங்களைக் கவனித்து வாருங்கள்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஷெஃபீல்ட் பார்க்கில் இன்னொன்றும் உண்டு. இந்த எஸ்டேட்டின் மூன்றாவது ஷெஃபீல்ட் பிரபு 1891-92இல் டபிள்யூ. ஜி. கிரேஸ் தலைமையில் இங்கிலாந்து அணியை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் கொடுத்த 150 பவுண்டில் செய்யப்பட்டதுதான் ஆஸ்திரேலிய மாநில அணிகள் ஆடும் கிரிக்கெட் போட்டிக்கான கேடயம், ஷெஃபீல்ட் ஷீல்ட். ஆஸ்திரேலிய அணி இங்கே வந்து அவருடைய சொந்த மைதானத்தில் ஆடியிருக்கிறது. 1896இல் நடந்த ஆட்டத்தில் நம் ரஞ்சியும் ஆடினார். ஆஸ்திரேலியாவின் எர்னி ஜோன்ஸ் போட்ட பந்து கிரேஸின் தாடிக்குள் புகுந்து போனது என்ற கதையும் அந்த ஆட்டத்தைப் பற்றியதுதான். மைதானத்தைச் சீரமைத்து மறுபடி ஆடுகிறார்கள். மாளிகை தனியார் கையில் இருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். கார் இல்லாதவர்கள் லண்டன் விக்டோரியாவிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு ரயிலில் போய், அங்கிருந்து ப்ளூபெல் நீராவி ரயிலில் ஷெஃபீல்ட் பார்க் ஸ்டேஷனுக்குப் போகலாம். அங்கிருந்து தோட்டம் நடக்கிற தூரம்தான். குழந்தைகள் இருந்தால் இதுதான் நல்ல வழி.

டிரஸ்ட்டின் இன்னொரு தோட்டமான ஸ்டவர்ஹெட் வேறு மாதிரி. வில்ட்ஷர் மாவட்டத்தில், லண்டனிலிருந்து இரண்டரை மணி நேரம். ஹோர் குடும்பம் 1672இல் தொடங்கிய வங்கி இன்றைக்கும் நடக்கிறது. அந்தக் குடும்பத்தின் இரண்டாம் ஹென்றி ஹோர் 1740களில் வேலையைத் தொடங்கி, பள்ளத்தாக்கை அணைகட்டி ஏரியாக்கி, சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்களைக் கட்டினார். கிராமத்துப் பக்கம் கல்பாலத்தருகே நின்றால் ஏரிக்கு அப்பால் பாந்தியான் மண்டபம் தெரியும். எல்லோரும் படம் எடுக்கும் இடம் அது, எடுத்துவிட்டுப் பாதிப்பேர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து முழுச் சுற்றும் நடங்கள், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒன்று மறைந்து இன்னொன்று தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். பாதையில் கொஞ்சம் இறங்கினால் குகை வரும். உள்ளே தூங்கும் ஒரு தேவதைச் சிலை, அதன் அடியில் ஊற்று நீர் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் போனால் அந்தச் சத்தம் குகை முழுக்க நிறைந்திருக்கும். சுவரில் உள்ள திறப்பு வழியே குனிந்து பார்த்தால் ஏரியும் அக்கரை மரங்களும் நீர்மட்டத்துக்குச் சரியாகத் தெரியும். என்னைக் கேட்டால் பாலத்துக் காட்சியைவிட இதுதான் ஒரு படி மேல்.

அந்தக் குடும்பத்தின் கதையும் மனதைப் பிசையும். பாரனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை ஆறாவதாகப் பெற்றவரின் ஒரே மகன் 1917இல் போரில் காயம்பட்டு இறந்தார். வாரிசு இல்லாமல் 1946இல் எஸ்டேட்டை டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கணவரும் மனைவியும் ஒரே நாளில் காலமானார்கள். இப்படி வாரிசு இழந்தும் வரி கட்ட முடியாமலும் டிரஸ்ட் கைக்கு வந்த மாளிகைகள் இங்கே நிறைய. 1895இல் ஆக்டேவியா ஹில்லும் இன்னும் இருவரும் டிரஸ்ட்டை ஆரம்பித்தபோது அவர்கள் மனதில் இருந்தது மக்கள் நடமாடத் திறந்தவெளி. மாளிகைகள் பெருமளவில் வந்ததெல்லாம் பிறகுதான்.

இனி நம் ஊரைத் தொடும் விஷயத்துக்கு வருகிறேன். சர்ரேயில் ஈஷர் பக்கம் க்ளேர்மான்ட் என்று ஒரு தோட்டம். ஏரி, குகை, புல்வெளியைப் படிப்படியாக வெட்டிய பிரம்மாண்டமான அரைவட்ட அரங்கு, பீச் (beech) மரங்களின் செம்பழுப்பு. 1768இல் இந்த எஸ்டேட்டை வாங்கியவர் ராபர்ட் க்ளைவ். மதராசில் கம்பெனி குமாஸ்தாவாக இறங்கி, 1751இல் ஆற்காட்டில் பெயர் வாங்கி, வங்காளத்தில் கோடீஸ்வரரான அதே க்ளைவ். பழைய மாளிகையை இடித்துவிட்டு கேபபிலிட்டி பிரவுனைக் கொண்டு புதிதாகக் கட்டச் சொன்னார். 1774இல் இறந்தும் போனார். மாளிகை இப்போது பள்ளிக்கூடம், தோட்டம் மட்டும் டிரஸ்ட்டிடம்.

அவர் மகன் எட்வர்ட் க்ளைவின் கதையைப் பார்க்க வேல்ஸில் வெல்ஷ்பூலுக்குப் பக்கத்தில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போக வேண்டும். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய் வருவது கஷ்டம், ஒரு ராத்திரி தங்குங்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சரிவில் அடுக்கடுக்காக வெட்டிய தோட்டமும், மேகம் மேகமாக வழியும் ராட்சத யூ மர வேலிகளும் அப்படியே இருக்கின்றன. கோடைக் கடைசியில் அந்த வேலிகளைக் கத்தரிக்க ஆரம்பித்தால் இலையுதிர் காலம் வரைக்கும் வேலை ஓடும். எதிர்ச்சரிவில் ஏறிப் பார்த்தால் செம்மண் நிறக் கோட்டையும் அதன் கீழே சிவந்த மேப்பிள்களும் ஒன்றாகத் தெரியும்.

கோட்டைக்குள்ளே க்ளைவ் மியூசியம். திப்பு சுல்தானின் கூடாரம் அங்கேதான் இருக்கிறது. கூடவே திப்புவின் சிம்மாசனத்திலிருந்து வந்த, ரத்தினங்கள் பதித்த தங்கப் புலித்தலை. இங்கிலாந்து வந்திருந்த அப்பாவை ஓர் அக்டோபரில் அழைத்துப் போயிருந்தேன். கூடாரத்தின் வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாகப் பூச்சாடி, சாடி நிறையச் சிவப்புப் பூ. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். "சீட்டித் துணிடா இது. எங்க பாட்டி வீட்ல இதே மாதிரி போர்வை இருந்தது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டப்போ மதராஸ் கவர்னர் இந்த எட்வர்ட் க்ளைவ்தானே?" என்று கேட்டார். அவரேதான். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, அக்டோபர் 16இல் கட்டபொம்மன், 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள். சென்னையில் நாம் ராஜாஜி ஹால் என்று சொல்லும் கட்டடம் திப்புவை வென்ற நினைவாக இதே எட்வர்ட் க்ளைவ் காலத்தில் எழுந்ததுதான். பக்கத்தில் நின்ற வயதான தன்னார்வலர் அம்மையாரிடம் அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்ல, அவர் கடைசி வரை நின்று கேட்டார். பிறகு அவர் பங்குக்கு, இந்தக் கூடாரத்தை இந்தக் குடும்பத்தார் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டார்கள் என்றார். அப்பா அதற்குப் பிறகு தோட்டத்தில் அதிகம் பேசவில்லை.

அதற்காகப் போவிஸுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போங்கள், தோட்டத்தோடு நின்றுவிடாமல் மியூசியத்தையும் பாருங்கள். 2020இல் டிரஸ்ட்டே ஓர் அறிக்கை வெளியிட்டு, தன்னிடமுள்ள 93 இடங்களுக்குக் காலனியாதிக்கத்தோடும் அடிமை வணிகத்தோடும் உள்ள தொடர்பைப் பட்டியலிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. என்னைப் பொறுத்தவரை அது அவசியமான வேலை. இந்த மேப்பிளையும் டுபெலோவையும் நான் மனசாரப் பார்க்கிறேன், இப்படிப்பட்ட இடங்களை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தே பார்க்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

அட்டை செல்லாத இடங்களும் இருக்கின்றன. சாட்ஸ்வர்த், ப்ளெனிம் போன்ற மாளிகைகள் தனி நிர்வாகம். இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வேறு அமைப்பு, வேறு சந்தா. க்ளாஸ்டர்ஷரில் உள்ள வெஸ்டன்பர்ட் மரத்தோட்டம் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் வெஸ்டன்பர்ட்டுக்கு மட்டும் தனியாகக் காசு கொடுத்தே போவேன். ராபர்ட் ஹோல்ஃபோர்ட் 1829இல் தொடங்கிய சேகரிப்பு, ஜப்பானிய மேப்பிள்களுக்குப் பேர்போனது. அங்கே கட்சுரா என்ற மரத்தைத் தேடிப் பிடியுங்கள். அதன் உதிர்ந்த இலை வெல்லப்பாகு காய்ச்சுவது போல மணக்கும். மரம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும், ஈரமான நாளில் இன்னும் தூக்கலாக.

நடைமுறை விஷயம் கொஞ்சம். அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறை வாரம் கூட்டம் அள்ளும், முடிந்தால் வார நாளில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்ட ஆரம்பிக்கும். பலத்த காற்று என்றால் கிளை முறியும் ஆபத்து உண்டு என்று தோட்டத்தையே மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாளிகைகளின் உட்புறம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், தோட்டம் திறந்திருக்கும். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குச் செருப்பு சரிப்படாது, பிடிப்புள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். ஈர இலைமேல் நன்றாகவே வழுக்கும். டீ ரூமில் சூப்பும் ஸ்கோனும் கிடைக்கும். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு எங்கேயும் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் தனி டிரஸ்ட் இருந்தாலும் நம் அட்டை அங்கேயும் செல்லும். கார் இல்லாமல், பக்கத்தில் ஒரு தோட்டமும் இல்லாமல் லண்டனின் நடுவில் இருப்பவர் என்றால் சந்தா கட்ட வேண்டாம், ஓர் அக்டோபர் நாளுக்கு ஷெஃபீல்ட் பார்க் டிக்கெட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் செப்டம்பர் கடைசியில் சேர்ந்தால் அடுத்த செப்டம்பர் வரை செல்லும். ஒரு முழு இலையுதிர் காலமும், அடுத்து வரும் ஏப்ரல், மே மாத ரோடோடெண்ட்ரான் பூக்களும் அதற்குள் வந்துவிடும்.