கொட்டேஷனில் ஒன்று, கேபினெட்டுக்குள் வேறொன்று: டிசைன் வேலைக்குக் கணினி வாங்குவோர் கவனத்துக்கு

என் தங்கைக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கணினி அசெம்பிள் செய்து வாங்கினோம். பேசியது ஒன்று, உள்ளே மாட்டித் தந்தது வேறு. வடிவமைப்பு வேலைக்காக இதே பட்ஜெட்டில் வாங்கப் போகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அவள் வீட்டிலிருந்தபடியே புத்தக அட்டைகளும் திருமண அழைப்பிதழ்களும் வடிவமைப்பவள். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கொஞ்சம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள். மானிட்டர் நீங்கலாக 80,000 ரூபாய். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் இன்டெல் ஐ5-12400 பாக்ஸ் பிராசஸர், இரண்டு 8 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்க 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்று தெளிவாகவே இருந்தது. பில்லிலோ வெறும் ‘ஆர்டிஎக்ஸ் 3050’. அந்த ‘8 ஜிபி’ எங்கே போனது என்பது பிளெண்டரில் ரெண்டர் பாதியில் நின்று, நினைவகம் போதவில்லை என்று செய்தி வந்தபோதுதான் புரிந்தது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். கார்டில் மின்சாரக் கேபிள் செருகும் இடமே இல்லை. பவர் சப்ளையிலிருந்து வந்த 8 பின் கேபிள் மூலையில் சுருட்டிக் கட்டப்பட்டுக் கிடந்தது. இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். 2022இல் வந்த 8 ஜிபி 3050 கார்டுக்கு அது போதாது, தனிக் கேபிள் வேண்டும். 2024இல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடிவிடும்; எங்களுக்கு மாட்டியது அதைத்தான். நினைவகம் மட்டும் குறைவு என்று எண்ண வேண்டாம். கணக்குப் போடும் கோர்கள் 2560க்குப் பதில் 2304, நினைவகப் பாதை 128 பிட்டுக்குப் பதில் 96 பிட். ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பதுதான் இத்தகைய கடைகளுக்கு வசதி.

அடுத்தது எஸ்எஸ்டி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம். புதியதென்றால் சில மணி நேரம்தான் காட்ட வேண்டும். எங்களுடையது நான்கு இலக்க எண்ணைக் காட்டியது. யாரோ பயன்படுத்திக் கழித்ததைப் புதிய விலைக்கு எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளரின் அச்சுக் கோப்புகளை அதில்தான் அவள் சேமித்து வந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

பிராசஸரும் பாக்ஸில் வந்ததல்ல, சில்லறைப் பெட்டி இல்லாமல் மொத்தமாக வரும் ட்ரே சரக்கு. பாக்ஸில் வந்தால் இன்டெல்லே 3 ஆண்டு உத்தரவாதம் தரும்; ட்ரே என்றால் விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும். மதர்போர்டு, கார்டு பெட்டிகளையெல்லாம் கொடுத்தவர்கள் பிராசஸர் பெட்டியை மட்டும் “குப்பையில் போய்விட்டது” என்றார்கள். ரேமும் இரண்டுக்குப் பதில் ஒன்றே, 16 ஜிபி; அளவு அதேதான், ஆனால் இரண்டாக மாட்டினால்தான் வேகம் கூடும்.

திரும்பிப் போய்க் கேட்டபோது வந்த பதில்தான் எல்லாவற்றையும்விட மோசம். “இரண்டுமே 3050தானே மேடம், உங்கள் டிசைன் வேலைக்கு இதுவே அதிகம்” என்றார் கடைக்காரர். தன் தொழிலுக்கு என்ன தேவை என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டினார். அதைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தோம். அதன் பிறகு எஸ்எஸ்டியை மட்டும் மாற்றித் தந்தார்கள். கார்டு விஷயத்தில் இறங்கி வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். அந்த வாட்ஸ்அப் கொட்டேஷன்தான் எங்கள் முக்கிய ஆதாரம். எந்தக் கடையில் வாங்கினாலும் மாடல் பெயர், நினைவக அளவு, சீரியல் எண் மூன்றும் பில்லில் ஏறிய பிறகே பணத்தைக் கொடுங்கள். கணினியை அங்கேயே ஓடவிட்டு, கிராபிக்ஸ் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இரண்டையும் உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.