பைபாஸுக்குப் பிறகு வைட்டமின்: தனித்தனி அட்டைகளா, ஒரே மாத்திரையா?

எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வைட்டமின் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டு வழி. சாதாரண மல்டிவைட்டமின், இரும்புச்சத்து, பி12, கால்சியம் என்று மெடிக்கல் ஷாப்பில் தனித்தனி அட்டையாக வாங்கிக்கொள்வது ஒன்று. இந்த அறுவைசிகிச்சை செய்தவர்களுக்கென்றே வரும் பேரியாட்ரிக் மல்டிவைட்டமினை வாங்கி, கூடவே கால்சியம் மட்டும் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. நான் ரூ-என்-ஒய் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டவள். முதல் வழியில் தொடங்கி இரண்டாவதுக்கு மாறினேன், இப்போதும் அதில்தான் இருக்கிறேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

"முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், முட்டை சாப்பிட்டால் போதாதா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். போதாது. பைபாஸில் இரைப்பை சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாகிவிடுகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடல் பகுதியைச் சாப்பாடு தொடாமலே போகிறது. எவ்வளவு நல்ல சாப்பாடாக இருந்தாலும் அந்த வழி மூடியதுதான். ஜெல்லி மிட்டாய் மாதிரி வரும் கம்மீஸ்களையும் ஒரே வரியில் தள்ளிவிடலாம்: பெரும்பாலானவற்றில் இரும்பே இருக்காது.

சரி, இரண்டு வழிக்கும் வருவோம்.

அளவு என்று பார்த்தால், தனித்தனியாக வாங்கியும் தேவையை எட்ட முடியும். அமெரிக்கப் பேரியாட்ரிக் அறுவைசிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலைத்தான் பல டாக்டர்கள் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம், மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம், பி1 குறைந்தது 12 மில்லிகிராம், கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம். வைட்டமின் டி தினமும் 3000 யூனிட்டில் தொடங்கி, ரத்தத்தில் அதன் அளவு மில்லிக்கு 30 நானோகிராமைத் தாண்டும்வரை பார்த்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் அதற்குப் பதிலாக வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே எழுதித் தருவது வழக்கம்.

இங்கே பி12 அளவைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். சாதாரண ஆளுக்குத் தினமும் இரண்டு மூன்று மைக்ரோகிராம் போதும், நமக்கு ஏன் நூற்றுக்கணக்கில்? பி12-ஐக் குடல் ஏற்றுக்கொள்ள இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். பைபாஸுக்குப் பிறகு அந்தத் துணை சாப்பாட்டோடு சரியாகச் சேருவதில்லை. துணையில்லாமல் தானாகக் கசிந்து உள்ளே போவது நூற்றுக்கு ஒன்றுதான். ஆயிரம் விழுங்கினால் பத்து சேரும். மல்டிவைட்டமின் பாட்டிலில் 'தினசரித் தேவை 100 சதவீதம்' என்று போட்டிருப்பது முழு இரைப்பை உள்ளவருக்கான கணக்கு.

விலையில் தனித்தனி அட்டைகள்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. பேரியாட்ரிக் மாத்திரைக்கு மாதச் செலவு பல மடங்கு ஆகும். கரூரில் எங்கள் தெருமுனைக் கடையில் அது வருவதும் இல்லை, ஆர்டர் போட்டுத்தான் வாங்குகிறேன். கூரியர் தாமதமானால் சிரமம் என்பதால் ஒரு பாட்டில் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது விலையும் இல்லை, அளவும் இல்லை. எது விட்டுப்போகும் என்ற ஒரே கேள்விதான்.

தனித்தனியாக வாங்கும்போது இரும்பு ஒரு அட்டை, பி12 ஒரு அட்டை, மல்டி ஒரு பாட்டில், கால்சியம் ஒரு டப்பா. ஒன்று பத்து மாத்திரை அட்டை, இன்னொன்று பதினைந்து, பாட்டில் முப்பதோ அறுபதோ. எல்லாம் ஒரே நாளில் தீராது. இந்த வாரம் பி12 தீர்ந்திருக்கும், "அடுத்த மாசம் எல்லாத்தையும் சேர்த்து வாங்கிக்கலாம்" என்று மனசு சொல்லும். அப்படி ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். இரும்பு மாத்திரை இன்னும் மோசம். மலச்சிக்கல், கறுப்பாகப் போவது, வயிற்றுப் புரட்டல் என்று தொந்தரவு தருவது அதுதான். தனி அட்டையாக இருந்தால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு விடவே கூடாததும் அதேதான்.

விட்டுப்போனால் உடம்பு உடனே புகார் சொல்லாது என்பது இதில் பெரிய ஆபத்து. பி12 கல்லீரலில் சில வருஷங்களுக்குத் தாங்கும் அளவு சேமிப்பில் இருக்கும். அது கரைந்து முடிந்து, கால் மரத்துப்போவதும் பாதம் எரிவதுமாகத் தெரியவரும்போது நரம்பு கெட ஆரம்பித்திருக்கும். அதில் கொஞ்சம் திரும்பாமலே போகலாம். கால்சியம் கதையும் இப்படித்தான். சாப்பாட்டில் வராததை உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் சமன்செய்துவிடும், ரத்தக் கால்சியம் நார்மல் என்றே ரிப்போர்ட் வரும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவைக்கும் பாராதைராய்டு ஹார்மோனைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆயுளுக்கும் சாப்பிட வேண்டிய ஒன்றில், ஒவ்வொன்றாக நழுவ இடம் கொடுக்காத வழிதான் எனக்கு நல்ல வழி. பேரியாட்ரிக் மாத்திரையில் இரும்பு, பி12, பி1, துத்தநாகம், தாமிரம் எல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. தீர்ந்தால் எல்லாம் ஒரே நாளில் தீரும், அது கண்ணில் படும்.

இதோடு நேரக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இரும்பும் கால்சியமும் இரண்டு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். காபி, டீ இரும்பைத் தடுக்கும். கால்சியத்தை ஒரே தடவையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் வீண். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். என்னைப் போல தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு: அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். இதையெல்லாம் தனித்தனி அட்டைகளோடு பொருத்திப் பார்த்தால் நாள் முழுக்க மாத்திரை வேலைதான். இப்போது எனக்குக் காலை ஆறு மணிக்குத் தைராய்டு, பத்து, இரண்டு, ஆறு மணிக்குக் கால்சியம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எட்டரைக்கு மல்டி. மாலை காபி நான்கரைக்கே முடிந்துவிடுவதால் இரும்போடு மோதாது.

தனித்தனியாக வாங்குவதில் இன்னொரு சங்கடம், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வது. இங்கே கிடைக்கும் இரும்பு மாத்திரைகள் பலவற்றில் 100 மில்லிகிராம் இரும்போடு 1.5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்தே வரும். அது அதிகமானால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துவிடும், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் நடக்கும். பி12 கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது சில சமயம் நரம்பு வலி மருந்து கலந்த காம்பினேஷனாக இருக்கும். பெயரை மட்டும் பார்க்காமல் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கால்சியத்தைப் பொறுத்தவரை எந்த வழியில் போனாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். கடையில் அதிகம் புழங்குவது கார்பனேட். அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும், நம்மிடம் அது குறைவு. சிட்ரேட் கேட்டு வாங்குவதே நல்லது. சிட்ரேட் அட்டையில் 1000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் 'எலிமென்டல் கால்சியம்' எவ்வளவு என்று தேடுங்கள். சிட்ரேட்டில் நிஜக் கால்சியம் ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது ஆயிரத்தில் சுமார் 210. நம் கணக்குக்கு வேண்டியது இந்தச் சின்ன எண்.

பேரியாட்ரிக் என்று போட்டிருக்கும் எல்லாமும் ஒன்றல்ல. பெயர் மட்டும் பெரிதாக இருந்து இரும்பு 18 மில்லிகிராமில் நின்றுவிடுபவையும் உண்டு. அது மாதவிடாய் இல்லாத, ஆபத்து குறைந்தவர்களுக்கான அளவு. இரும்பு 45, பி12 350, பி1 12 என்ற மூன்று எண்ணையாவது பாட்டிலில் சரிபார்த்த பிறகே காசு கொடுங்கள்.

ஊசியைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் குறைவு. மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் பி12 ஊசி போட்டுக்கொள்வதும் ஏற்கப்பட்ட வழிதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அசிடிட்டி மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்கள், சுத்த சைவம் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு பி12 இன்னும் சீக்கிரம் குறையும், அவர்கள் டாக்டரிடம் ஊசியைப் பற்றிக் கேட்கலாம். ஸ்லீவ் (குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் வெட்டிச் சிறிதாக்கும் அறுவைசிகிச்சை) செய்துகொண்ட தோழி ஒருத்தி சாதாரண அட்டைகளோடு நன்றாகவே இருக்கிறாள். அவளுக்குக் குடல் வழி மாறவில்லை, அட்டவணையை ஒருநாளும் தவறவிடாத ஆளும்கூட. மாதச் செலவு இடித்தால் தாராளமாக அவள் வழியில் போங்கள், ஆனால் எல்லா அட்டையையும் ஒரே தேதியில் வாங்குங்கள்.

எந்த வழியானாலும் முதல் சில மாதங்களில் விடாமல் வாந்தி வந்தால் மாத்திரை உள்ளே நிற்காது. பி1 சேமிப்பு இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். அந்த நேரத்தில் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப் ஏற்ற வந்தால், பைபாஸ் செய்திருப்பதைச் சொல்லி முதலில் தயாமின், அதாவது பி1 ஊசி போடச் சொல்லுங்கள். தயாமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளைப் பாதிப்பு வரை போகலாம். வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும். வாந்தியில் துவண்டு கிடக்கும்போது நம்மால் பேச முடியாமல் போகலாம்.