ஏபி கெமிஸ்ட்ரி: 620 டாலர் கொடுத்து, 2013-லேயே முடிந்துபோன பரீட்சைக்குப் படித்த கதை

ஏபி என்பது அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே எழுதுகிற கல்லூரித் தரப் பாடமும் தேர்வும். மகளின் பள்ளியில் ஏபி வரலாறு உண்டு, ஏபி ஆங்கிலம் உண்டு, கெமிஸ்ட்ரி மட்டும் இல்லை. நாங்கள் இருப்பது ஓஹையோவில் ஒரு சின்ன ஊர். "நானே படிச்சு எழுதறேன்பா" என்றாள். சரி, துணைக்கு ஏதாவது இருக்கட்டும் என்று 2024 ஆகஸ்டில் நான் தேடப் போனதுதான் வினை.

எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம் அது. வாரம் ஓர் ஆன்லைன் வகுப்பு, முழுப் பாடக்குறிப்பு, "5 நிச்சயம்" (ஏபியில் 5-தான் உச்ச மதிப்பெண்). பேசியவர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர். அரை மணி நேரம் அண்ணா அண்ணா என்று உருகினார். "எக்ஸாமுக்குப் பதிவு பண்றதையும் நாங்களே பாத்துக்கறோம்ணா, நீங்க அலைய வேண்டாம்." பாடத்துக்கு 490, பதிவுக்கு 150, ஆக 640 டாலர். கார்டு வேண்டாம், வங்கியிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஜெல்லில் (Zelle) அனுப்பினால் 20 குறைத்துக்கொள்கிறோம் என்றார். அந்த 20-க்கு ஆசைப்பட்டேன்.

பாடக்குறிப்பு என்று வந்தது ஒரு தடிமனான பிடிஎஃப். ஏதோ புத்தகத்தைக் கோணலாக ஸ்கேன் செய்திருந்தார்கள். ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட கணக்குகூட அப்படியே இருந்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும். ஆனால் புரட்டினால் குவாண்டம் எண்கள், தொகைசார் பண்புகள், மோலாலிட்டி என்று நான் பிளஸ் டூவில் உருப்போட்டதெல்லாம் வரிசையாக வருகிறது. பழைய கூட்டாளிகளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. "பரவாயில்லையே, கனமாத்தான் வச்சிருக்காங்க" என்று மனைவியிடம் பெருமை வேறு.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி மகள் கேட்டாள், "அப்பா, இதுல ஏன் ஈ இருக்கு?" நான் திரையில் பூச்சியைத் தேடினேன். அவள் சொன்னது ஏ, பி, சி, டி, ஈ. தேர்வை நடத்துகிற காலேஜ் போர்டின் தளத்தில் மாதிரிக் கேள்விகளுக்கு டி வரைதான் விடை. எங்கள் பிடிஎஃபில் ஐந்து. முதல் பக்கத்துக்குப் போனோம்: விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் 75 கேள்விகள், கால்குலேட்டர் கூடாது. அது 2013 மே மாதத்தோடு முடிந்துபோன தேர்வு. 2014-லிருந்து 60 கேள்விகள், நான்கு விடைகள். 2023 முதல் அந்தப் பகுதிக்கும் கால்குலேட்டர் உண்டு. என் பழைய கூட்டாளிகளோ ஒருவர்கூட மிஞ்சவில்லை. தொகைசார் பண்புகள் கேட்கப்படாது, எலக்ட்ரானுக்குக் குவாண்டம் எண் எழுதச் சொல்லமாட்டார்கள், மோலாலிட்டிக் கணக்கு வராது என்று பாடத்திட்டத்திலேயே போட்டிருக்கிறது. பிள்ளை மூன்று மாதமாக அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

பாதி மதிப்பெண் எழுத்துக் கேள்விகளுக்கு; ஏழு கேள்வி, 105 நிமிடம். அதைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை இல்லை. "அயனியாக்கும் ஆற்றல் இடமிருந்து வலம் கூடும்" என்று குறிப்பில் இருந்ததை ஒரு பழைய கேள்விக்கு அப்படியே எழுதி, காலேஜ் போர்டு இலவசமாகக் கொடுக்கும் மதிப்பெண் வழிகாட்டியோடு ஒப்பிட்டாள். பூஜ்யம். தனிம அட்டவணையில் எப்படிப் போகிறது என்று சொன்னால் போதாதாம். அணுக்கருவின் மின்சுமை, எலக்ட்ரான் எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஈர்ப்பு ஏன் கூடுகிறது என்று காரணம் எழுதினால்தான் மதிப்பெண்.

பதிவு என்ன ஆயிற்று என்று கேட்டால் "ப்ராசஸ்ல இருக்குண்ணா". சந்தேகம் தட்டி, பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். பயிற்சி நடத்துகிறவர் யாராக இருந்தாலும் இதைப் பதிவு செய்ய முடியாது. பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளர்தான் தேர்வுக்கு ஆர்டர் போட வேண்டும். பாடம் நடக்காத பள்ளியிலும், தேர்வு மட்டும் எழுதுகிறவர் என்று மாணவரைச் சேர்க்க வழி உண்டு. அவர் கணினியில் ஐந்து நிமிட வேலை. அந்த வருஷம் கட்டணம் 99 டாலர். நவம்பர் 15 தாண்டிவிட்டதால் தாமதத்துக்கு 40. மார்ச் நடு வரை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்த வழியும் மூடியிருக்கும், பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிருக்கும். காசு போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அண்ணா போய் சார் வந்தது. "லாகின் ஓபன் பண்ணிட்டா ரீஃபண்ட் கிடையாது சார்." அப்புறம் அதுவும் இல்லை, ப்ளூ டிக் மட்டும். நீங்களாக அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கியும் கைவிரித்தது. கார்டில் கட்டியிருந்தால் தகராறாவது போட்டிருக்கலாம்.

டிசம்பரிலிருந்து காசு செலவில்லாமல்தான் படித்தாள். காலேஜ் போர்டின் பாடத்திட்டம், அதில் ஒன்பது அலகு. புரியாத இடத்துக்குக் கான் அகாடமி என்கிற இலவசப் பாடத்தளம். சனிக்கிழமை தோறும் முந்தைய வருடக் கேள்விகள், சமையலறை மேசையில் கடிகாரம் வைத்து. வழிகாட்டியைப் பார்த்துத் திருத்துவது என் வேலை. நான் இரக்கப்பட்டு அரை மதிப்பெண் போட்டால் அவளே அடித்துவிடுவாள், அரை மதிப்பெண் கிடையாதாம். ஜூலையில் 4 வந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது தனியாகப் படிக்கிறார்கள் என்றால், செப்டம்பரிலேயே பள்ளி ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துவிடுங்கள். பயிற்சி விற்க வருகிறவரிடம் காசு பேசும் முன் ஒரே ஒரு மாதிரிப் பக்கம் கேளுங்கள், விடைகளை எண்ணுங்கள்.

போன வாரம் அதே குழுவில் புதுப் பெயரில் ஒரு விளம்பரம். எண் வேறு, "5 நிச்சயம்" அதே. கீழே இருந்த மாதிரிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈ அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.