மகனின் உதைபந்தாட்ட வகுப்பு: ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

யாழ்ப்பாணம் நல்லூர்ப் பக்கம் நடக்கும் இந்தப் பயிற்சி வகுப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதுவரைக்கும் எத்தனை கப் எடுத்திருக்கினம்?" என்பதுதான். ஒன்றே ஒன்று, அதுவும் ஏழு பேர் ஆடும் சின்னப் போட்டியில். ஆனாலும் என்னைக் கேட்டால் பிள்ளையை இங்கேதான் விடச் சொல்வேன்.

முன்பு வேறொரு அணியில் விட்டிருந்தோம், பெயர் வேண்டாம். மகன் உயரம் என்பதால் பன்னிரண்டு வயதிலேயே பின்வரிசையில் நிறுத்திவிட்டு, பந்து வந்தால் தூக்கி அடி என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, கணுக்கால் வீங்கியிருந்தும் ஸ்பிரே அடித்து இறுதிப் போட்டியில் இறக்கினார்கள். கப் வந்தது. பிள்ளை இரண்டு மாதம் நொண்டித் திரிந்தான்.

இங்கே முதல் இருபது நிமிடம் பிஃபா 11 பிளஸ் என்கிற பயிற்சி. ஒற்றைக் காலில் நிற்பது, குதித்துவிட்டு முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குவது என்று காயங்களைக் குறைப்பதற்காகவே பிஃபா கொண்டுவந்த முறை அது. பார்க்கிற பெற்றோருக்கு அலுப்பாக இருக்கும், பொறுக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஆடும் இடம் மாறும். இடக்கால் பழக்குவதற்கு வலக்கால் சப்பாத்தை மட்டும் கழற்றி வைக்கச் சொல்வார் பயிற்சி கொடுக்கும் சேர். வெறுங்காலால் அடித்தால் நோகும் என்று பிள்ளைகள் தாங்களாகவே இடக்காலுக்குப் போய்விடுவார்கள். மகன் முதல் வாரம் பந்தைத் தடவிக்கொண்டிருந்தான், இப்போது அந்தக் காலால் குறுக்கே பாஸ் கொடுக்கிறான்.

போன வருடம் ஒரு அரையிறுதி. ஒரு கோல் பின்னால் இருக்கிறோம், பத்து நிமிடம்தான் மிச்சம், எங்கள் அணியில் நன்றாக ஆடுகிற பையன் காலை இழுக்கத் தொடங்கினான். சேர் மைதானத்துக்குள் போய்க் குந்தியிருந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார், பையன் முகத்தைச் சுளித்த உடனே வெளியே எடுத்துவிட்டார். தோற்றோம். ஒரு தகப்பன் கோபமாக வந்து காசு கட்டுவது எதற்கு என்று கேட்டபோது, "அண்ணை, இந்தக் கால் இன்னும் பத்து வருசம் ஓட வேணும்" என்று மட்டும் சொன்னார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், கண் கலங்கிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சானோடு இதைப் பற்றி அடிக்கடி வாதம் நடக்கும், வெல்லாத கோச்சுக்கு என்ன மரியாதை என்பான். அங்கே பல்கலைக்கழக அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து வேறு விளையாட்டு, பணமும் வேறு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023இல் தன் பயிற்றுநர் ஜிம்போ ஃபிஷரை விலக்க ஏழரைக் கோடி டொலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது, வெற்றி போதவில்லை என்பதற்காக. ஆனால் அந்த விளையாட்டிலேயே பல்கலைக்கழக அணிகளில் ஆடும் நூறு பேரில் இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை. அங்கேயே அப்படி என்றால், பிஃபா 2023இல் சில மாதம் தடை செய்து வைத்திருந்த இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கீழ் ஆடும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கப் என்ன செய்யும்? இங்கே பெரிய பையன்களுக்கு மத்தியஸ்தம் பழக்குகிறார்கள், சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுக்க விடுகிறார்கள். ஆடுகிற காலம் முடிந்த பிறகும் கையில் நிற்கும் வேலை அது. வெல்வதில் அக்கறை இல்லை என்றும் இல்லை, தோற்ற ஆட்டத்தைச் சேர் மறுநாள் மணலில் கோடு போட்டு விளக்குவார்.

குறைகளும் உண்டு. கார்த்திகை மழைக்கு மைதானம் குளமாகிவிடும், வகுப்பு இல்லை என்பதைக் கடைசி நேரத்தில்தான் அறிவிப்பார்கள். தண்ணீர் வசதி இல்லை, போத்தல் கொண்டுபோக வேண்டும். பெரிய குறை, பெண் பிள்ளைகளுக்கு வகுப்பே இல்லாதது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கைக் கிண்ணம் எடுத்துக் காட்டிய பிறகும் இப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, சேரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன், தை மாதம் தொடங்கப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தொடங்கினால் மகளையும் சேர்ப்பேன்.

மாதம் மூவாயிரம் ரூபாய். ஓ.எல். பரீட்சை எழுதும் வருடப் பிள்ளைகள் டியூஷனுக்கு ஏற்ற மாதிரி இரண்டு நாள் மட்டும் வரலாம், அதற்குப் பாதிக் காசுதான். சேர்க்க முதல் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போய் நின்று பாருங்கள்.